தரிசு நிலத்தில் ஆயிரம் மரம் நடலாமா? முதலில் புல்லைப் பார்ப்போம்

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் உட்லண்ட்சில் இருக்கிறார், ஊர் சிவகங்கைப் பக்கம். தாத்தா மிளகாயும் வரகும் போட்ட நாலு ஏக்கர் நிலம். அப்பா இங்கே வந்த பிறகு சித்தப்பா கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார், இருபது வருடத்துக்கு மேல் ஏர் படவில்லை, இப்போது முழுக்கச் சீமைக் கருவேலம். அமெரிக்காவில் கைவிட்ட மக்காச்சோள வயல்களைப் பழையபடி புல்வெளியாக மாற்றும் காணொளி ஒன்றைப் பார்த்திருக்கிறார். நம் நிலத்திலும் இப்படிச் செய்ய முடியுமா, டிசம்பர் லீவில் போய் ஆயிரம் மரக்கன்று நட்டுவிடலாம் என்று இருக்கிறேன், எந்த மரம் நல்லது, மண் எத்தனை வருடத்தில் தேறும் என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் அந்தக் காணொளியில் யாரும் மரம் நடவில்லையே, கவனித்தீர்களா? அவர்கள் விதைத்தது புல்லும் பூச்செடியும். மரம் முளைத்தால் வெட்டிப் போடுவார்கள். அங்கே கிழக்குச் செஞ்சீடர் என்று ஒரு மரம் உண்டு, அந்த நாட்டு மரம்தான், ஆனால் தீயும் மேய்ச்சலும் நின்றுபோன புல்வெளிகளுக்குள் புகுந்து நிழல் போட்டே புல்லைக் கொன்றுவிடுகிறது, அதை ஒழிப்பதற்கே தனியாக ஆளும் காசும் செலவாகிறது. நம் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் செம்மண் புன்செய் நிலங்களும் பல இடங்களில் இந்த வகைதான்: புல்லும் புதரும் அடிப்படை, மரம் அங்கங்கே. அதனால் ஆயிரம் கன்று யோசனையை இரண்டு மூன்று வருடம் தள்ளிப் போடுங்கள், முதலில் புல்லைக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் பதில். மீதியெல்லாம் ஏன், எப்படி என்பதுதான்.

நான் இங்கே நிலவனப்பு வேலையில், அதாவது பூங்கா, தோட்டம் அமைக்கும் வேலையில், ரொம்ப வருடமாக இருப்பவன், பிறந்தது காங்கேயம் பக்கம். சிங்கப்பூரில் இருந்தால் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும், பச்சை என்றாலே மரம் என்று. இங்கே வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் மாதம் தவறாமல். உங்கள் ஊரில் 800, 900, அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே சும்மா விட்ட இடம் காடாகிறது என்பதால் அங்கேயும் ஆகும் என்று கணக்குப் போடக்கூடாது.

சொல்லப்போனால் இங்கேயே அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் சீன விவசாயிகள் காம்பியரும் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி) மிளகும் போட்டார்கள். காம்பியர் இலையை வேக வைத்துத்தான் சாறு எடுக்க வேண்டும், அதற்கு விறகு, விறகுக்குப் பக்கத்துக் காடு. பதினைந்து இருபது வருடத்தில் மண் செத்துவிடும், அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள், விட்டுப்போன இடத்தில் லாலாங் புல் ஏறும். 1880களில் கான்ட்லி என்ற அதிகாரி காடுகளைப் பற்றி அறிக்கை எழுதும்போது தீவில் பெரிய காடு என்று சொல்ல மிச்சம் அதிகமில்லை. அப்படிக் கெட்டுப்போன நிலத்தில் பிறகு வந்த புதர்க்காட்டை இன்றைக்கும் கென்ட் ரிட்ஜ் பக்கம் பார்க்கலாம், புளித்த, சத்தில்லாத மண்ணைத் தாங்கும் தியூப் தியூப் மரம்தான் அதில் அதிகம். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அது புக்கிட் தீமா பழங்காடு மாதிரி ஆகவில்லை. இத்தனை மழை பெய்தும் இந்தக் கதி. 2019இல் தேசியப் பூங்காக் கழகம் காடுகளை மீட்கப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று அறிவித்தது, அதில்கூடக் களைக்கொடிகளையும் வெளியிலிருந்து வந்த செடிகளையும் எடுத்துவிட்டுத்தான் அந்தந்த இடத்துக்குரிய மரங்களை வைக்கிறார்கள். எடுத்ததும் குழி தோண்டிக் கன்று வைப்பது இல்லை.

இனி அமெரிக்கா. அங்கே உயரப்புல் வெளி இருந்த இடத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம், ஐயோவா மாநிலத்தில் 0.1 சதவீதம்கூடத் தேறாது. உழுது உழுது, 1930களில் மழையும் பொய்த்தபோது மண்ணே கிளம்பிப் போனது, 1935 ஏப்ரல் 14ஆம் தேதி அடித்த புழுதிப் புயலைக் கறுப்பு ஞாயிறு என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அதே காலத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசனில் ஒரு பழைய பண்ணை நிலத்தைப் புல்வெளியாக மாற்ற ஆரம்பித்தது, ஆல்டோ லியோபோல்ட் என்ற சூழலியல் அறிஞர் அதில் முக்கியமானவர். கர்ட்டிஸ் புல்வெளி என்று பெயர், மீட்டெடுத்த புல்வெளிகளில் மூத்தது. ஏறக்குறைய தொண்ணூறு வருடம் ஆகிறது, இன்னும் ஏர் படாத பழைய புல்வெளிக்குச் சமமாக ஆகவில்லை. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எத்தனை வருடம் என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு அளவுகோல் வேண்டுமே என்று சொன்னேன்.

ஏன் புல்? புல்வெளியில் செடியின் எடையில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வருடா வருடம் வேரில் ஒரு பகுதி செத்து அங்கேயே மக்கும், புது வேர் ஓடும், செத்த வேர் விட்ட சந்து வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், வேரோடு கூட வாழும் பூஞ்சை இழைகள் மண் துகள்களைக் கட்டிகளாகப் பிடித்து வைக்கும். எரு கொண்டுவந்து கொட்டுவது மேல்மட்டத்துக்கு மட்டும்தான், இது ஆழம் வரைக்கும் நடக்கிற வேலை, கூலி கிடையாது. ஐயோவாவில் ஒரு சோதனை செய்தார்கள், மக்காச்சோளமும் சோயாவும் போடும் சரிவு நிலத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நாட்டுப் புல்லும் பூச்செடியும் கலந்த பட்டையாக விட்டார்கள், நிலத்திலிருந்து அடித்துப் போகும் மண் 95 சதவீதம் குறைந்தது. பத்தில் ஒரு பங்குக்கே இது.

நமக்கு இதைக் கற்றுக்கொள்ள ஐயோவா வரைக்கும் போகவேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எங்கள் பக்கம் கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் கொறங்காடு என்று இருக்கிறது. மானாவாரி மேய்ச்சல் நிலம், தனியார் பட்டா நிலம்தான். கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றி கிளுவை உயிர்வேலி. வெள்வேல மரத்தின் நிழல் லேசானது, அடியில் புல் வரும், கோடையில் காயைக் கால்நடை தின்னும். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் புல்லை நம்பித்தான் இருந்தன. நிலத்தைப் பட்டி பட்டியாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார்கள், மழைக்குப் பிறகு புல் விதை கட்டும் வரைக்கும் உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்காவில் இப்போது பெரிதாகப் பேசும் சுழற்சி மேய்ச்சல் இதேதான். கொறங்காட்டுக்குள் நடந்தால் கௌதாரி எழும்பும், வானம்பாடி மேலே போய்ப் பாடும். உங்கள் நாலு ஏக்கருக்கு நான் மனதில் வைத்துப் பேசுவது இந்த மாதிரியைத்தான், மழைக்கணக்கு கொஞ்சம் வேறு என்றாலும்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் நிலம் புன்செய் என்று இருக்கிறதா, நன்செய்யா? மிளகாயும் வரகும் என்றதால் புன்செய் என்றுதான் நினைக்கிறேன். கண்மாய்ப் பாசனத்தில் இருந்த நன்செய் என்றால் நான் சொல்வது எதுவும் பொருந்தாது, அதற்குக் கண்மாயும் வரத்துக்காலும் சரியாகி நெல்லுக்குத் திரும்புவதே நல்லது.

சரி, சீமைக் கருவேலம். இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி கட்டுக்கதை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்பதெல்லாம் சும்மா. வேர் 175 அடி போகும் என்பதற்கு மட்டும் ஒரு மூலம் உண்டு, அரிசோனாவில் ஒரு சுரங்கக் குழியில் இதன் உறவு மரம் ஒன்றின் வேரை அந்த ஆழத்தில் கண்டார்கள், அது உங்கள் நிலத்து மரத்தின் அளவு இல்லை. இது 1870களில் வெளியிலிருந்து வந்தது, பிறகு விறகுப் பஞ்சத்துக்காக அரசாங்கமே பரப்பியது, நம் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பம் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைத்தது. இதன் வேர் காற்றுத் தழைச்சத்தைச் சேர்க்கும் வகை, அதனால் பெரிய மரத்தடி மண் வெட்டவெளியை விடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். ஆக, இருபது வருடமாக அது உங்கள் மண்ணை நாசமாக்கவில்லை. வேறு எதையும் முளைக்க விடவில்லை, அதுதான் அதன் குற்றம். கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளிக்குள் இது புகுந்ததும் இப்படித்தான் தொல்லையானது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கு ஒரு கொள்கையே வெளியிட்டது.

எடுப்பது எப்படி என்பதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கரி போடுபவரிடம் பேசினால் வந்து வெட்டிக்கொண்டு போவார், உங்களுக்குக் கொஞ்சம் பணம்கூடக் கிடைக்கும். ஆனால் அவர் கட்டையை விட்டுவிட்டுத்தான் போவார், ஏனென்றால் மூன்று நாலு வருடத்தில் அது பத்துக் கிளையாகத் துளிர்த்து மறுபடி வெட்டுக்கு வரும், அவருக்கு அதுதான் வேண்டும். அதனால் வெட்டு ஒருவர், கட்டை எடுப்பது இன்னொருவர் என்று முதலிலேயே பேசி வைக்க வேண்டும். தரைக்குக் கீழே ஒரு அடி வரை தோண்டி, துளிர்க்கும் பகுதியை எடுத்துவிட்டால் போதும், ஆழத்து வேர் அங்கேயே மக்கட்டும். ஜேசிபி வைத்தால் வேகம்தான், நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நிலம் முழுவதையும் புரட்டிப் போடச் சொல்லாதீர்கள், அடிமண் மேலே வரும், புதைந்திருந்த கருவேல விதை எல்லாம் வெளிச்சம் பார்க்கும். ஒவ்வொரு கட்டையாகப் பெயர்த்துவிட்டுப் பள்ளத்தை மூடச் சொல்லுங்கள்.

நாலு ஏக்கரையும் ஒரே கோடையில் மொட்டையடிக்காதீர்கள். முதல் வருடம் ஒரு ஏக்கர் போதும். காரணம் இரண்டு. வெற்றுச் செம்மண்ணில் ஐப்பசி மழை விழுந்தால் இருக்கும் மேல்மண்ணும் போய்விடும். அப்புறம், அடுத்த மழையில் கருவேலக் கன்று பாய் விரித்தமாதிரி முளைக்கும், விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும், அதைக் கையால் பிடுங்க ஒரு ஏக்கருக்குத்தான் ஆள் சமாளிக்கும். மழை விட்ட மறுநாள் ஈரத்தில் பிடுங்கினால் வேரோடு வரும், ஒரு மாதம் விட்டால் கடப்பாரை வேண்டும். இந்தப் பிடுங்கும் வேலைக்கு மூன்று நாலு வருடத்துக்கு ஆள் கிடைக்குமா என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் வெட்டவே ஆரம்பிக்காதீர்கள், உண்மையாகச் சொல்கிறேன், பாதியில் விட்ட நிலம் முன்பைவிட அடர்த்தியாகிவிடும்.

வெட்டிய முள்ளை எரிக்க வேண்டாம். காய் இல்லாத கிளைகளை அந்த ஒரு ஏக்கரைச் சுற்றி முள்வேலியாக அடுக்கினால் ஒன்றிரண்டு வருடம் ஆட்டைத் தடுக்கும், மீதியைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் மழைத் தண்ணீரோடு வரும் மண்ணும் விதையும் அதில் தங்கும். சிங்கப்பூரிலிருந்து போகும் நம் ஆட்கள் முதல் வேலையாகக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை அடிப்பார்கள், அந்தக் காசு இருந்தால் நாலு வருடக் கூலிக்கு ஆகும். எல்லை ஓரமாகக் கிளுவைப் போத்து நட்டு வாருங்கள், பனங்கொட்டையும் போடுங்கள், இரண்டுக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம்.

மண் விஷயம். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துக் கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம் (மக்கிய இலை, வேரிலிருந்து மண்ணில் சேர்வது) மூன்றையும் பாருங்கள். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு என்று கணக்கு, உங்கள் நிலத்தில் அப்படித்தான் வரும், அதற்காக அதிர்ச்சி அடைய வேண்டாம். கார நிலை 8.5க்கு மேல் போனால் களர் மண்ணா என்று பார்த்து ஜிப்சம் பற்றி வேளாண் அலுவலரிடம் பேசவேண்டும், அது தனிக் கதை. ஆய்வகம் சொல்லாத இரண்டை நீங்களே பார்க்கலாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய்த் துண்டை மண்ணில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றி, இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அப்புறம் காய்ந்த மண்கட்டி ஒன்றை டம்ளர் தண்ணீரில் போடுங்கள், செத்த மண் உடனே கரைந்து சேறாகும், உயிருள்ள மண் கட்டியாகவே நிற்கும். இதையே ஊர் எல்லைக் கோயில்காட்டு மண்ணிலும் செய்து பாருங்கள், உங்கள் நிலம் எங்கே போகவேண்டும் என்பது அந்த டம்ளரில் தெரியும். மண்ணையோ விதையையோ ஆசைப்பட்டுப் பையில் போட்டு இங்கே கொண்டுவராதீர்கள், சாங்கி விமான நிலையத்தில் வம்பு.

உழவு வேண்டாம். இருபது வருடம் உழாமல் கிடந்ததில் மண்ணுக்குக் கிடைத்த பெரிய லாபம் அதன் பூஞ்சை இழைகள்தான், ரோட்டவேட்டர் விட்டால் ஒரு மணி நேரத்தில் போச்சு. விதை பிடிக்க மேலாகக் கீறிவிட்டால் போதும். அதைவிட முக்கியம் தண்ணீரை நிறுத்துவது. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் கொண்டு சமமட்டம் பிடித்து, சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்பு போடுங்கள், முழங்கால் உயரம் போதும். பள்ளமான மூலையில் ஒரு குட்டை. கண்மாய் வண்டல் கிடைத்தால் செம்மண்ணுக்கு அருமையான மருந்து, வட்டாட்சியர் அனுமதியோடு எடுக்கலாம், ஆனால் கருவேலம் மண்டிய கண்மாய் என்றால் வண்டலோடு விதையும் வரும் என்று தெரிந்தே எடுங்கள்.

இப்போது விதை. உங்கள் டிசம்பர் லீவு கன்று நடத் தப்பான நேரம், மழை முடிந்துவிடும், ஆனால் புல்விதை சேர்க்கச் சரியான நேரம். மழைக்கு வளர்ந்த புல் மார்கழி, தையில்தான் விதை முற்றி நிற்கும். கோயில்காட்டு ஓரம், கண்மாய்க் கரை, ரோட்டோரம், ஆடு ஏறாத கல்லுப் பாறை இடுக்கு, இங்கெல்லாம் கொழுக்கட்டைப் புல், ஊசிப்புல் இருக்கும், கதிரைக் கையால் உருவிச் சாக்கில் போடுங்கள், ஒரே இடத்தில் முழுக்க உருவாதீர்கள். அருகு தானாக வரும். புல்லோடு கொழிஞ்சி, அவுரி, ஆவாரை, நரிப்பயறு, செப்பு நெருஞ்சி, தும்பை, விஷ்ணுகிராந்தி என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். கொழிஞ்சிக்கு முதலிடம் கொடுங்கள், மாடு அதை அதிகம் தொடாது, தழைச்சத்து சேர்க்கும், ஒருமுறை விதைத்தால் தானே விழுந்து தானே முளைக்கும். அமெரிக்காவில் நல்ல புல்வெளி விதைக்கலவையில் முப்பது நாற்பது வகை இருக்கும், ஒரே புல்லை மட்டும் விதைத்த இடங்களில் களை சீக்கிரம் புகுந்துவிடுகிறது. நமக்கு இருபது வகை தேறினாலே பெரிய விஷயம்.

கொழுக்கட்டைப் புல்லின் புது விதை உடனே முளைக்காது, ஆறேழு மாதம் உறங்க வேண்டும். மார்கழியில் எடுத்ததைக் காற்றோட்டமாகச் சணல் சாக்கில் கட்டி வைத்தால் புரட்டாசிக்குத் தயாராகிவிடும், இயற்கையே காலண்டர் போட்டுக் கொடுத்திருக்கிறது. விதை பஞ்சு மாதிரி இருக்கும், காற்றில் பறக்கும், அதனால் செம்மண்ணும் சாணியும் கலந்த கரைசலில் பிசைந்து சின்ன உருண்டையாக உலர்த்தி, முதல் மழைக்கு முன் புழுதியிலேயே வீசிவிடுங்கள், மானாவாரிக்குப் புழுதி விதைப்பு செய்த உங்கள் தாத்தாவுக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஆழமாகப் புதைத்தால் வராது, மேலோடு மூடினால் போதும், முள்ளுக்கிளை ஒன்றை இழுத்துக்கொண்டு நடந்தாலே ஆச்சு.

முதல் வருடம் பார்த்தால் அழுகை வரும். கருவேலக் கன்று, பார்த்தீனியம், என்னென்னவோ களை, நடுவில் எங்கோ நாலு தூர் புல். ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நிறையப் பேருக்கு அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும். புல் அந்த வருடம் வேரைத்தான் விடும். இரண்டாவது மழைக்குத் தூர் கட்டும், மூன்றாவதில் தன் விதையைத் தானே கொட்டும். விதை கொட்டிய பிறகுதான் மேய்ச்சல். அதற்குமுன் பக்கத்து வீட்டு ஆடு ஒரு நாள் புகுந்தாலும் வருடம் போச்சு.

மேய்ச்சலே இல்லாமல் பூட்டி வைப்பதும் தப்பு. காய்ந்த புல் குவிந்து மூடிக்கொண்டால் புதுத் துளிர் வராது. அமெரிக்காவில் இதற்குத் தீ வைக்கிறார்கள், பயிற்சி பெற்ற ஆட்களோடு, காற்றுப் பார்த்து. நம் ஊரில் வேண்டவே வேண்டாம், பக்கத்தில் பனை, வைக்கோல் போர், யாருடைய மோட்டார் கொட்டகையோ, பதில் சொல்லி மாளாது. தை மாதம் அரிவாளால் அறுத்து வைக்கோல் மாதிரி விற்கலாம், அல்லது கீதாரியிடம் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்) சொல்லிக் கிடை போடலாம், அதாவது மந்தையை இரவில் நிலத்தில் அடைக்கலாம். உங்கள் மாவட்டத்தில் கிடை போடும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, இரவில் ஆடு கிடந்த இடத்தில் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண்ணுக்கு நேரடி உரம். ஆனால் காலம் பார்க்கவேண்டும். கருவேலக் காய் பழுக்கும் கோடையில் கிடை போட்டால் ஆட்டின் வயிறு வழியாக ஆயிரக்கணக்கான விதை உங்கள் நிலத்துக்கு வரும், வயிற்றுக்குள் போய் வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கும். பார்த்துப் பார்த்து ஒழித்ததை ஒரே வாரத்தில் நீங்களே திரும்ப விதைத்த மாதிரி. மாசிக்கு முன்பே கிடையை முடித்துவிடச் சொல்லுங்கள்.

மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது வருடத்திலிருந்து, புல் பிடித்த இடத்தில், ஏக்கருக்கு இருபது முப்பது போதும், அதையும் நர்சரி லாரியில் வரும் ஒரே மாதிரிக் கன்றாக வாங்காமல் பக்கத்துக் கோயில்காட்டு விதையிலிருந்து. உசில், வெள்வேல், ஆத்தி, வீரை, காசான், உலக்கைப்பாலை, அடியில் காரை, சூரை, சங்கஞ்செடி. பறவை உட்கார ஒரு கிளை இருந்தால் போதும், சூரையும் களாவும் நீங்கள் நடாமலே வரும். ஆரோவில்லில் 1968க்குப் பிறகு செம்மண் மேட்டில் மரம் நட்டே காடு கொண்டுவந்தார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அங்கேயும் முதல் வேலை வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தியது, அப்புறம் நிறையப் பேர் அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் உட்லண்ட்சிலிருந்து பார்க்கப் போகிறீர்கள். கடலோர மழையும் அவர்களுக்குக் கூடுதல். கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார் ஆரம்பித்த வானகம் பண்ணை உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கம், வறண்ட கல்லு நிலம், டிசம்பரில் போகும்போது ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மண் எத்தனை வருடத்தில் தேறும்? தண்ணீர் இறங்கும் வேகம் இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே மாறும், குழாயை வைத்து நீங்களே பார்க்கலாம். டம்ளர் சோதனையில் வித்தியாசம் தெரிய நாலைந்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அங்ககக் கரிமம் ரொம்ப மெதுவாக ஏறும், நம் வெயிலுக்கு மக்கியது சீக்கிரம் ஆவியாகிவிடும், ஐயோவாக் கறுப்பு மண் இங்கே வரவே வராது, அது குளிர்நாட்டில் ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்த சொத்து. கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று யாராவது இங்கே ஹோட்டல் அறையில் கூட்டம் போட்டுக் கூப்பிட்டால், நாலு ஏக்கர் செம்மண்ணில் அளந்து விற்க அவ்வளவு கரிமம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

சித்தப்பா ஒன்று கேட்பார், எனக்குத் தெரியும்: புல்லு வளர்க்கவா நிலம்? அவரிடம் புல்வெளி, பல்லுயிர் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். விறகுப் பணம் அவருக்கு, அறுக்கும் புல் அவருக்கு, மூன்றாம் வருடத்திலிருந்து மாடு கட்டினால் தீவனச் செலவு குறையும் என்று முதலிலேயே பேசி முடியுங்கள். அங்கே தினமும் காலையில் போய்ப் பார்க்கப் போவது அவர்தான், மாதா மாதம் கொஞ்சம் பணம் அனுப்பினாலும் தப்பில்லை.

கடைசியாகக் காகித வேலை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் ஜேசிபி கூப்பிடும் முன் மாற்றுங்கள், அளந்து கல் ஊன்றுங்கள், கருவேலத்துக்குள் மறைந்திருந்த எல்லைத் தகராறு எல்லாம் சுத்தம் செய்த அன்றைக்குத்தான் முளைக்கும். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகி ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருந்தால் வாரிசாக வந்த விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாக விலைக்கு வாங்க முடியாது, அதனால் பக்கத்து இரண்டு ஏக்கரையும் சேர்த்து வாங்கிப் போடலாமா என்று யோசித்தால் அது சித்தப்பா தன் காசில், தன் பெயரில் வாங்கினால்தான் உண்டு.